இருளில் எடுக்கும் படம்

நியூசிலாந்தின் வடதீவில் வைட்டோமோ என்னும் சிற்றூர் உள்ளது. மாவோரி மொழியில் ‘வை’ என்றால் நீர். ‘டோமோ’ என்றால் நிலத்திலுள்ள ஆழ்குழி. பெயருக்கேற்ப, அவ்வட்டாரத்தின் சுண்ணாம்புப் பாறைகளுக்கடியில் ஓடைகள் புகுந்து ஏராளமான குகைகளைக் குடைந்துள்ளன. அவற்றுள் ஒன்றனுள் 1887ஆம் ஆண்டில் மாவோரித் தலைவர் டானே டினோராவும் ஆங்கிலேய நிலஅளவையாளர் ஃபிரெட் மேஸும் நுழைந்தனர். செடித் தண்டுகளைப் பிணைத்துச் செய்த தெப்பமே அவர்களது படகு; மெழுகுவத்தியே விளக்கு. கண்கள் இருளுக்குப் பழகியபோது, தலைக்கு மேலிருந்த பாறை முழுவதும் நீலப் புள்ளிகளாக ஒளிர்வதை அவர்கள் கண்டனர். ஈராண்டுகளில் அக்குகை சுற்றுப்பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

அந்த ஒளி மின்மினியினுடையதன்று. கோல சிலாங்கூரின் ஆற்றங்கரை மரங்களில் விட்டுவிட்டு மின்னும் மின்மினிகள் வண்டினத்தைச் சேர்ந்தவை. வைட்டோமோவில் ஒளிர்வதோ கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியின் இளம்புழு. தீக்குச்சியின் நீளம்கூட இல்லாத இப்புழு, குகைக்கூரையில் பட்டு இழையால் படுக்கை அமைத்துக்கொண்டு, அதிலிருந்து பல இழைகளைத் தூண்டில்போல் தொங்கவிடும். ஒரே புழு எழுபது இழைகள்வரை தொங்கவிடுவதுண்டு. ஒவ்வோர் இழையிலும் பசைத்துளிகள் மணிகோத்தாற்போல் வரிசையாக நிற்கும். புழுவின் வாற்பகுதியில் லூசிஃபெரின் என்னும் வேதிப்பொருள் ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் நீலப்பச்சை ஒளி உண்டாகிறது. ஓடையிலிருந்து பறந்தெழும் சிறு பூச்சிகள் அவ்வொளியை நாடி மேலே சென்று, இழைகளில் ஒட்டிக்கொண்டு இரையாகின்றன.

இப்புழுவின் பசிக்கு ஒரு காரணம் உண்டு. வளர்ந்து சிறகு முளைத்தபின் அது உண்பதே இல்லை. உண்பதற்கேற்ற வாயுறுப்பும் அதற்கில்லை. இணைசேர்ந்து முட்டையிட்டுச் சில நாள்களில் மடிந்துவிடும். ஆகவே, வாழ்நாள் முழுமைக்கும் தேவையான உணவை அது புழுப்பருவத்தின் ஏறக்குறைய ஒன்பது மாதங்களிலேயே தேடிக்கொள்ள வேண்டும். விளக்கு அணைந்திருக்கும் நேரமெல்லாம் அதற்குத் தூண்டில் போடாத நேரம்.

இத்தகைய உயிரைப் படம்பிடிக்க நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், தம் கையிலிருக்கும் ஃபிளாஷ் விளக்குதான். அதைப் பயன்படுத்தினால் படத்தில் ஈரப்பாறை தெரியும்; பசை இழைகள் வெள்ளிக் கம்பிகளாகத் தெரியும்; நீல ஒளி மட்டும் தெரியாது. ஃபிளாஷ் படத்திற்கு ஷட்டர் பெரும்பாலும் 1/60 விநாடி அளவே திறந்திருக்கும். அதற்குள் புழுவிடமிருந்து வந்துசேரும் ஒளி மிகச் சொற்பம். அதையும் ஃபிளாஷின் வெளிச்சம் மூழ்கடித்துவிடும். அதுமட்டுமன்று, திடீர் வெளிச்சமும் இரைச்சலும் பட்டால் புழுக்கள் தம் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பழைய நிலைக்குத் திரும்ப அவற்றுக்கு நேரம் பிடிக்கும்.

அனுபவமுள்ள படக்கலைஞர் வேறு வழியைக் கையாள்கிறார். ஒழுகும் கூரையின்கீழ்ப் பாத்திரத்தை வைத்துக் காத்திருப்பது போன்றது அது. ஒரு சொட்டு ஒன்றுக்கும் உதவாது. இரவு முழுவதும் விழுந்தால் பாத்திரம் நிறைந்துவிடும். கேமராவின் ஷட்டரை அரை நிமிடம், ஐந்து நிமிடம், சில வேளைகளில் அதற்கும் மேலாகத் திறந்துவைத்தால், புழுக்களின் மங்கிய ஒளி சிறிதுசிறிதாக உணரியில் சேர்கிறது. அவ்வளவு நேரமும் கேமரா மயிரிழையும் அசையக்கூடாது. ஆடும் படகில் இது நடவாது. எனவே கலைஞர் ஓடையின் குளிர்ந்த நீரில் முழங்காலளவு இறங்கி, முக்காலியைப் பாறையில் அழுந்த ஊன்றுகிறார். இருளில் கேமரா தானாகக் குவியம் காணாது. கைவிளக்கைப் பாறையில் ஒரு கணம் காட்டிக் குவியத்தைச் சரிசெய்தபின் விளக்கை அணைத்துவிட்டு, புழுக்கள் மீண்டும் ஒளிரும்வரை காத்திருக்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் உணரி சூடேறி, இல்லாத இடத்தில் ஒளிப்புள்ளிகளைப் பதிவுசெய்யும். புழு எது, போலிப் புள்ளி எது என்று பிரித்தறிவது கடினம். அதனால் வில்லையை மூடிவிட்டு, அதே கால அளவில் இன்னொரு படம் எடுப்பார்கள். அந்த இருண்ட படத்திலும் காணப்படும் புள்ளிகள் போலியானவை. அவற்றை முதற்படத்திலிருந்து நீக்கிவிடலாம்.

இவ்வாறு உருவாகும் படத்தில் குகைக்கூரை நீல வெள்ளமாகத் தோன்றும். பாறையின் மடிப்புகளும் நீரில் விழும் நிழலும்கூடத் தெளிவாகத் தெரியும். அப்படத்தைப் பார்த்துவிட்டு வைட்டோமோவுக்குச் செல்பவர் சற்று ஏமாறக்கூடும். மனிதக் கண்ணால் ஒளியை நிமிடக்கணக்கில் சேர்த்துவைக்க முடியாது. படகில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிவன கரிய இருளில் சிதறிய சிறு புள்ளிகளே. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் எவரும் ஒரே பார்வையில் கண்ட காட்சியும் அன்று அது. படத்தின்கீழ் ஷட்டர் திறந்திருந்த நேரத்தையும் குறிப்பிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

குகையின் காற்றில் ஈரம் மிகுதி. கலைஞர் முகத்தை முன்னால் நீட்டி மூச்சுவிட்டால் வில்லை பனித்துப்போகும். ஆகவே அவர் தலையைத் திருப்பியே மூச்சுவிடுகிறார். அந்த மூச்சு குகைக்கும் தொல்லை தருவது. பார்வையாளர்கள் வெளிவிடும் கரியமிலவாயு ஈரத்துடன் கலந்து சுண்ணாம்புப் பாறையை அரிக்கக்கூடும். காற்றோட்டம் மாறினாலோ ஈரப்பதம் குறைந்து புழுக்கள் வாடும். வைட்டோமோவில் இதை ஏற்கெனவே உணர்ந்திருக்கின்றனர். 1979இல் புழுக்களின் ஒளி பெரிதும் மங்கிவிட, குகையைச் சில மாதங்கள் மூடவேண்டியதாயிற்று. இப்போது அங்குக் காற்றின் வெப்பமும் ஈரமும் கரியமிலவாயுவின் அளவும் கருவிகளால் ஓயாமல் அளக்கப்படுகின்றன. பத்து இலட்சத்தில் 2,400 பங்கு என்பதே அவ்வாயுவுக்கு வகுத்திருக்கும் வரம்பு.

பயணிகள் படகில் செல்லும் அந்தப் பெருங்குகையில் படமெடுக்க அனுமதியில்லை. படமெடுக்க விரும்புவோர் வழிகாட்டிகளின் துணையோடு, சிறு குழுக்களாக அருகிலுள்ள வேறு குகைகளுக்குச் செல்கின்றனர். பெருங்குகையிலோ வழிகாட்டி தலைக்கு மேலே கட்டிய கயிற்றைப் பற்றியிழுத்தே படகை நகர்த்துகிறார். இயந்திர ஓசையில்லை, எவர் கையிலும் விளக்கில்லை.