தொலைக்காட்சியிற் கண்ட தோட்டமும் கொல்லையில் இடும் தோட்டமும்

காய்கறித் தோட்டம் அமைக்கும் விதத்தைத் தொலைக்காட்சியிற் கண்டு, தாமும் அவ்வாறே ஒன்று அமைத்தல் வேண்டுமென்னும் அவா இக்காலத்தில் பட்டணவாசிகளிடத்தும் கிராமவாசிகளிடத்தும் மிகுந்து வருகின்றது. மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள தல்லாகுளத்திலும் அதனைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும், வீட்டுக் கொல்லையோ வெறுமனே கிடக்கும் மனையோ உடைய பலர் இத்தகைய காட்சிகளைக் கண்டு மண்வெட்டியை எடுக்கின்றனர். இஃது மெச்சத்தக்கதே. ஆயினும் ஆடியில் மிக்க உற்சாகத்துடன் கொத்தப்பட்ட நிலம் மார்கழியில் கோரை மண்டிக் கிடப்பதும் சாதாரணமாய்க் காணப்படுவதொன்று. இதற்குக் காரணம் யாது, இதனைத் தடுப்பது எவ்வாறு என்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பங்குத் தோட்டம்

ஒருவர்க்குச் சொந்தமான, அல்லது பொதுவான, ஒரு நிலத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து, நிலமில்லாத குடும்பங்கள் தத்தம் உபயோகத்திற்குக் காய்கறி பயிரிட விடுவது இங்கிலாந்தில் நெடுங்கால வழக்கம். அங்கே இதற்கு ‘அலாட்மெண்ட்’ என்று பெயர். 1908-ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய பங்குகளுக்கு நிலம் தேடிக் கொடுப்பதைத் தலத்தாபனங்களின் கடமையாக்கிற்று. வழக்கமான ஒரு முழுப் பங்கின் அளவு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் சென்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் உணவுக் கப்பல்கள் தடைப்பட்டபோது இப்பங்குத் தோட்டங்கள் அந்நாட்டிற்குப் பேருதவி புரிந்தன. அவற்றில் புதிதாகப் பயிரிடப் புகுந்தோர்க்கு மிடில்டன் என்பவர் பி.பி.சி. வானொலியிற் பேசி வழிகாட்டினார். தோட்ட வேலையை 1936-லேயே தொலைக்காட்சியிற் காட்டியவரும் அவரே.

கண்டும் கேட்டும் கற்றல்

நம் தேசத்திலும் இம்முறை புதியதன்று. 1956-இல் பூனாவைச் சார்ந்த பகுதியில் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் சோதனையாக அமைக்கப்பட்டன. ஒவ்வொரு மன்றத்தாரும் நிகழ்ச்சியைக் கூடியிருந்து கேட்டு, கேட்டதை விவாதித்து, தங்கள் கருத்தையும் கேள்விகளையும் நிலையத்துக்கு எழுதியனுப்பினர். ‘கேள், விவாதி, செய்’ என்பது அம்மன்றங்களின் வாக்கியம். நற்பயன் கண்டு 1959-இல் இம்முறை தேசமெங்கும் விரிக்கப்பட்டது. பின்னர்த் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் திருச்சி வானொலியின் வாயிலாக வெகுவாகப் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே குடியானவர்களால் அழைக்கப்பட்டது. 1967-இல் டில்லியைச் சூழ்ந்த 80 கிராமங்களுக்கெனத் தொலைக்காட்சியில் கிருஷி தர்சன் ஆரம்பிக்கப்பட்டது. 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டபின், ‘வயலும் வாழ்வும்’ தமிழ்க் குடியானவர்களின் வீட்டுப் பழக்கமாயிற்று.

இவ்வரலாற்றில் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. கேட்டவர் திரும்பக் கேள்வி கேட்க வழியிருந்த இடத்திலேயே நிகழ்ச்சி நிலத்தில் இறங்கிற்று. காட்சி ஆசையை உண்டாக்கும். கேள்வியே அதனைச் சாகுபடியாக்கும்.

பார்த்தோர் கூறுவன

தோட்டக் காட்சியைப் பார்த்தோர் கூறும் கருத்துக்களைத் தொகுத்து நோக்கின் அவை நான்கு வகைப்படும்.

முதல் வகையார் புதியவர். “இவ்வளவு எளிதா? நாளைக்கே ஐந்து சென்டையும் கொத்திவிடலாம்” என்பர் இவர். இரண்டாம் வகையார் நெடுநாள் தோட்டமிட்டவர். “விதைப்பதைக் காட்டினான், பறிப்பதைக் காட்டினான், நடுவில் களை பிடுங்குவதை யார் காட்டுவது, தம்பி?” என்று இவர் நகைப்பர். மூன்றாம் வகையார், “கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது?” என்று கேட்பர். நான்காம் வகையார் நிலமில்லாதவர். “எல்லாம் சரி, எங்களுக்கு இடம் கொடுப்பவர் யார்?” என்பது இவர் வினா.

இந்நான்கனுள் எதுவும் தள்ளத்தக்கதன்று. நாற்றைப் பிடுங்கும் விதம், பந்தல் கட்டும் விதம், கத்தரியின் வாடிய நுனியைக் கிள்ளும் இடம் ஆகியவற்றை எழுத்தைக் காட்டிலும் காட்சியே தெளிவாகக் கற்பிக்கும். ஆனால் மூன்று மாத வேலையை அரை மணியில் அடக்குங்கால், தினமும் செய்யும் காரியங்களே முதலில் விடுபட்டுப் போகின்றன. அவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தபின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும்.

அளவும் நீர்க் கணக்கும்

ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு ஐந்து சென்டுத் தோட்டம் போதுமானதென்று கூறுவர். ஆளொன்றுக்குத் தினம் 300 கிராம் காய்கறி என்று கொண்டால் அக்குடும்பத்துக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். ஆயினும் முதல் ஆண்டிலேயே ஐந்து சென்டும் தொடங்குதல் தகாது. ஒரு சென்டே போதும்.

33 அடி நீளமும் 13 அடி அகலமும் உள்ள நிலம் ஏறக்குறைய ஒரு சென்டாகும். இதன் குறுக்கே 4 அடி அகலத்தில் ஆறு பாத்திகளும், ஒவ்வொன்றையும் அடுத்து ஒன்றரை அடி நடைவழியும் விட்டால் நிலம் சரியாக அடங்கும். பாத்தி 4 அடிக்கு மேற்படின் இருபுறமும் நின்று நடுவில் களை எடுக்கக் கை எட்டாது. உள்ளே மிதித்தால் மண் இறுகும்.

நன்கு வளர்ந்த காய்கறிப் பயிருக்குக் கோடையில் சதுர மீட்டர் ஒன்றுக்குத் தினம் சுமார் 5 லிட்டர் நீர் தேவை. மேற்கூறிய ஆறு பாத்திகளின் பரப்பு ஏறக்குறைய 29 சதுர மீட்டர். ஆகவே தினம் 145 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தால் பத்துக் குடம் வேண்டும். ஐந்து சென்டாயின் ஐம்பது குடம். ஐம்பது குடம் தினமும் இறைக்க ஆளும் கிணறும் உண்டா என்று வீட்டார் தம்முட் கேட்டுக்கொள்ளட்டும். மார்கழியிற் கோரை மண்டிய தோட்டங்களுட் பல, இக்கேள்வியைக் கேளாமல் ஆடியில் கொத்தப்பட்டவையே.

பாத்தியில் வைக்கோலோ சருகோ இரண்டு அங்குல கனம் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும், களையும் குறையும். ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் கிடைக்கும்; இஃது ஒரு சென்டுக்கு ஆறு நாள் நீராகும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் இம்மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டுள்ளமையால், அதற்கென அமைத்த தொட்டி தோட்டத்துக்கும் உதவும். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் பப்பாளிக்கும் விடலாம். சாக்கடை நீரைக் கீரைக்கு ஒருபோதும் பாய்ச்சலாகாது. அதனால் வயிற்று நோய் பரவும்.

மண்ணும் எருவும்

நகரத்து மனைகளின் மேல்மண்ணில் காரையும் செங்கல் துண்டும் கலந்திருப்பது வழக்கம். அவற்றை ஓரடி ஆழம் வரை பொறுக்கி நீக்குதல் வேண்டும். கோரைக் கிழங்கையும் அருகின் வேரையும் வெட்டி விடுவதாற் பயனில்லை. கோடையில் ஆழக் கொத்திக் காயவிட்டுப் பொறுக்கி எடுத்தல் வேண்டும். இவ்வேலைக்கு ஒரு சென்டாயினும் பல நாட்கள் செல்லும். தோட்டத்தின் பாதி வெற்றி இங்கேயே தீர்மானிக்கப்படுகின்றது.

நன்கு மக்கிய தொழு எரு சென்டுக்கு 100 கிலோ இடலாம். ஏக்கருக்குப் பத்து டன் என்னும் அளவே இது. நிலத்தின் நாலைந்து இடங்களில் ‘வி’ வடிவாய் அரை அடி ஆழம் வெட்டி, வெட்டிய பக்கத்தின் மண்ணைச் சுரண்டிக் கலந்து, அதில் அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்தால் உவர், களர், சத்துக் குறைவு முதலியன தெரியவரும்.

பட்டமும் பயிரும்

மதுரைச் சமவெளியில் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இளநாற்று அழுகும். சித்திரை வெயிலில் தொடங்கிய புதியவர் நீர் இறைத்தே சலிப்பர்.

ஆறு பாத்திகளில் இரண்டைக் கீரைக்கு விடுக. பத்து நாள் இடைவிட்டு ஒன்றன்பின் ஒன்றாய் விதைத்தால், சுமார் 25-ஆம் நாள் முதல் வீட்டுக்குக் கீரை தொடர்ந்து கிடைக்கும். புதியவர் மனம் தளராமைக்கு இதுவே மருந்து. ஒரு பாத்தியில் வெண்டை: வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி விட்டால் சுமார் 40 செடிகள் நிற்கும், 45 நாளில் முதற்பறிப்பு வரும். ஒன்றில் கத்தரி, இரண்டடி இடைவெளியில் 12 செடி. ஒன்றில் மிளகாயும் தக்காளியும், ஒன்றில் கொத்தவரை. பாகலையும் பீர்க்கையும் வேலியில் ஏற்றலாம். முருங்கையை வடபுறத்தில் வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி அதன் நிழல் பாத்திகளில் விழாது. பெரியகுளத்தில் உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை ஆறு மாதத்திற் காய்க்கும். அடுத்த பட்டத்தில் கத்தரி நின்ற பாத்தியில் மிளகாயோ தக்காளியோ வைத்தலாகாது. மூன்றும் ஓரினமாதலின் நோயும் ஒன்றே.

கத்தரியின் நுனி வாடினால் உள்ளே புழு இருக்கும்; அந்நுனியைக் கிள்ளி அழிக்கவும். நரம்பு மஞ்சளித்த வெண்டையை வேரோடு பிடுங்கவும். வெள்ளை ஈ அந்நோயை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லும். பொடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்தல் சாறுண்ணும் பூச்சிகளுக்குத் தகுந்தது.

நிலம் கொடுப்போரும் கொள்வோரும்

நான்காம் வகையாரின் கேள்விக்கு மறுமொழி நிலமுடையோர் கையிலுள்ளது. நகரை அடுத்து, நெற்சாகுபடிக்கு ஏலாமல் தரிசாய் விடப்பட்ட துண்டு நிலங்கள் பல உள. அவற்றுள் கிணற்றை ஒட்டிய 12 சென்டை ஒதுக்கினால், வழி போகப் பத்துக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு சென்டு கிடைக்கும். நிலம் களை நீங்கி எருவும் பெறுமாதலின் உடையவர்க்கும் இலாபமே.

ஆயினும் இருசாராருக்கும் அச்சமுண்டு. பயிரிடும் குத்தகைதாரரைக் காக்கும் சட்டம் 1955 முதல் இருத்தலின், கொடுத்த நிலம் திரும்பி வருமோ என்று உடையவர் தயங்குவர். எருவிட்டுப் பண்படுத்தியபின் வெளியேற்றப்படுவோமோ என்று பயிரிடுவோர் தயங்குவர். வாய்ப்பேச்சு இவ்வச்சத்தைத் தீர்க்காது. எத்தனை மாதத்துக்கு, நீர்ப்பங்கு எவ்வளவு, நெடுங்கால மரம் வைக்கலாகாது, குடிசை கட்டலாகாது, தவணை முடியும்போது நிற்கும் பயிரை யார் எடுப்பது என்பவற்றை, சட்டமறிந்தவரைக் கலந்து முன்னரே எழுதிக் கையொப்பமிடுதல் இன்றியமையாதது. நிலம் தை முதல் தை வரையேனும் விடப்படாவிட்டால் எவரும் மனமொப்பி எருவிடார்.

கிராம அதிகாரிகள் ஒன்றைக் கருத்தில் வைத்தல் வேண்டும். கண்மாய் உள்வாயையும் வாய்க்கால் கரையையும் தோட்டத்துக்கென எவரும் கொத்த இடங்கொடுத்தலாகாது. ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் 2007-இல் ஏற்பட்டதும் இதன் பொருட்டே. கண்மாய் நின்றால்தான் கிணற்றில் ஊற்று நிற்கும். கிணறு வற்றினால் தோட்டமே இல்லை.

கூடிப் பார்த்தல்

தோட்டக் காட்சியை வீட்டுக்கு வீடு தனித்தனியே பார்த்து மறப்பதைக் காட்டிலும், மாதம் ஒருமுறை சாவடியிலோ பள்ளியிலோ பதினைந்து இருபது பேர் கூடிப் பார்ப்பது மேலானது. பார்த்தபின் மூன்று வினாக்களை எழுப்பலாம்: காட்டியவற்றுள் நம் மண்ணுக்கு ஒவ்வாதது எது? காட்டாமல் விட்ட வேலை எது? இம்மாதம் நாம் செய்யத்தக்கது எது? தெளியாதவற்றை எழுதி விவசாய அலுவலகத்துக்கோ நிலையத்துக்கோ அனுப்பலாம். 1800-180-1551 என்னும் கட்டணமில்லா உழவர் தொலைபேசியிலும் கேட்கலாம். களையைக் காட்டவில்லையே என்று நகைத்த பழைய தோட்டக்காரர் அக்கூட்டத்தில் முதலாசனத்துக்கு உரியவர். அவர் நகைப்பில் அடங்கிய அநுபவமே புதியவர்க்குப் பாடம்.

ஒரு சென்டு நிலம், பத்துக் குடம் நீர், காலையில் அரை மணி நேர வேலை: இம்மூன்றையும் ஓராண்டு தவறாமல் நடத்தியவர் மறு ஆண்டு இரண்டு சென்டாக விரிக்கலாம். வரும் ஆடிப்பட்டத்துக்கு இடம் தேர்வோர் இப்பொழுதே கோரையைப் பொறுக்கத் தொடங்குவாராக.