வலி இல்லாத நாளில் பழக வேண்டிய பயிற்சி

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி. ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி, சவீதா பல் மருத்துவக் கல்லூரி என்று சாலையோரம் வெள்ளைக் கோட்டுகள் நடமாடும் ஊர். நோயாளியின் வலியைக் கூர்ந்து கவனிக்கப் படிக்கும் பெண்கள், தங்கள் பீரியட்ஸ் வலிக்கு மட்டும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். இதை எழுதுபவரும் அப்படி ஓடிய ஒரு விடுதிப் பெண்தான். வலியைச் சமாளிக்க மெய்நிகர் (வி.ஆர்.) ஹெட்செட்டும் உடல்தளர்வுப் பயிற்சியும் அவருக்குப் பின்னாளில்தான் பழக்கமாயின.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஹெட்செட் வலியின் காரணத்தைத் தொடுவதில்லை. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. அடிவயிறு சுண்டி இழுக்கிறது. சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள் பாடு இது.

ஹெட்செட் வேலை செய்யும் இடம் மூளை. தண்டுவடத்தில் வலிச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயில் இருக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் முன்வைத்தார்கள். கவனம் வேறெங்கோ இருந்தால் அந்த வாயில் ஓரளவு மூடிக்கொள்ளும். 1990-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இதைத் தீக்காய நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். கட்டு மாற்றும்போது நோயாளி ஹெட்செட்டுக்குள் பனிமலைகளுக்கு நடுவே பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். வலி குறைவாகத் தெரிந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வீட்டில் பயன்படுத்தும் ஒரு வி.ஆர். கருவிக்கு 2021 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அனுமதி தந்தது.

ஆனால் கட்டு மாற்றுவது கொஞ்ச நேர வேதனை. மாதவிடாய் வலியோ மணிக்கணக்கில் நீள்கிறது. அத்தனை நேரமும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கிடக்க முடியாது. அனுபவத்தில் அது நன்றாகக் கைகொடுப்பது ஒரு குறிப்பிட்ட இடைவெளியில்: மாத்திரையை விழுங்கியதற்கும் அது கேட்கத் தொடங்குவதற்கும் நடுவிலுள்ள அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில். வலி உச்சத்தில் இருப்பதும், பயம் வலியைப் பெரிதாக்குவதும் அப்போதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு கடற்கரையிலோ காட்டிலோ இருந்துவிட்டு வந்தால் அந்த நேரம் கடந்துபோகும்.

எந்தக் காட்சி என்பது முக்கியம். ரோலர் கோஸ்டர், பறக்கும் விளையாட்டு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே குமட்டும் வயிறு. ஹெட்செட்டும் தன் பங்குக்குத் தலைசுற்ற வைத்தால் பழைய நிலையே மேல் என்றாகிவிடும். பார்ப்பவர் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற காட்சியே நல்லது. படுக்கையில் சாய்ந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. விலை உயர்ந்த கருவி இல்லாதவர்கள் போனைச் செருகும் அட்டை வியூவரில் தொடங்கலாம்.

ஹெட்செட்டே இல்லாவிட்டாலும் குறையில்லை. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ல் புத்தகமாக வெளியிட்ட தசைத் தளர்வுப் பயிற்சிக்குக் காசே வேண்டாம். பாதத்தில் தொடங்கி, கெண்டைக்கால், தொடை, கை, தோள், முகம் என ஒவ்வொன்றாகச் சில விநாடி இறுக்கி, மெல்ல மூச்சை விட்டபடி தளர்த்த வேண்டும். வலி நேரத்தில் வயிற்றை மட்டும் இறுக்காமல் விட்டுவிடுவது அனுபவம் சொன்னது. வலியில் நாம் அறியாமலே தோளையும் தாடையையும் முறுக்கிக்கொள்கிறோம்; தளர்த்தும்போதுதான் அது தெரியவருகிறது.

இந்தப் பயிற்சியை வலி வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. துடித்துக்கொண்டிருப்பவரிடம் மூச்சைக் கவனி என்றால் எரிச்சல்தான் வரும். மாதத்தின் மற்ற நாட்களில், தூங்கப் போகும் முன் பழகியிருந்தால், வேண்டிய நாளில் உடல் தானாகத் தளர்கிறது. ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ பஸ்ஸில் போகும்போது, உட்கார இடம் கிடைத்தால் கையையும் தோளையும் மட்டுமாவது பழகலாம்.

பாட்டி கொடுத்த ஒத்தடத்தையும் கைவிட வேண்டாம். சுமார் 39 டிகிரி சூட்டில் வயிற்றில் ஒட்டிய பட்டை, ஐபுபுரோஃபன் மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்ததை 2001-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாத்திரையிலும் கவனம் தேவை. பீரியட்ஸ் வலிக்குப் போடும் மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடும் என 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாத்திரை போட்டபின் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் வலி, பீரியட்ஸ் இல்லாத நாளிலும் வரும் வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு ஆகியவற்றை ஹெட்செட்டால் மூடி மறைக்கக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் பின்னால் இருக்கலாம். வலி எந்த நாள் தொடங்கியது, எங்கே வலித்தது, எது கேட்டது, எது கேட்கவில்லை என்று சில மாதங்கள் எழுதிவைத்த நோட்டைக் கொண்டுபோனால், அடுத்து ஸ்கேன் தேவையா என்று மகப்பேறு மருத்துவர் முடிவெடுப்பது எளிதாகும்.