தேசப்படம் படிப்போம், கிப்லாவை அறிவோம்

ஜப்பானின் தலைநகர் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் உடனே விடை வருகிறது. ஒரு தேசப்படத்தைக் கையில் கொடுத்து, ரவாங்கிலிருந்து கோலா சிலாங்கூர் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பெயர்களை மனனம் செய்வது வேறு. படத்தைப் படிப்பது வேறு. கடல் கடந்து வாணிபம் செய்த சமுதாயம் நம்முடையது. சரக்கு வரும் வழியை அறிவதற்கு மட்டுமின்றி, ஐவேளைத் தொழுகையில் எப்பக்கம் முகம் திருப்புவது என்று அறிவதற்கும் இக்கல்வி நமக்கு அவசியம். ஆகவே பூகோளத்தின் முதற் பாடங்களை இங்கே எளிய முறையில் எடுத்துரைக்கிறோம். பெற்றோர் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்களாக.

1. திசை

படத்தை எடுத்ததும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேட வேண்டும். இக்காலப் படங்களில் பெரும்பாலும் மேற்புறமே வடக்கு. இது வழக்கமேயன்றி விதியன்று. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீஸி 1154-ம் ஆண்டில் முடித்த உலகப்படத்தில் தெற்கு மேலே இருந்தது.

சூரியன் மறையும் பக்கம் மேற்கு என்பதும் தோராயமான பேச்சே. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான் அது நேர் மேற்கில் மறைகிறது. ஜூன் பிற்பகுதியில் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகை விலகி மறைகிறது. டிசம்பர் பிற்பகுதியில் தெற்கே அதே அளவு விலகி மறைகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்க, பின்னால் பயன்படும்.

2. அளவு

படத்தின் ஓரத்தில் 1:250,000 என்றிருந்தால், படத்தின் 1 சென்டிமீட்டர் தரையில் இரண்டரைக் கிலோமீட்டர். அப்படத்தில் ரவாங்குக்கும் கோலா சிலாங்கூருக்கும் இடையே ரூலர் வைத்தால் சுமார் 14½ சென்டிமீட்டர் வரும். பெருக்கினால் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். இது நேர்கோட்டுத் தூரம். லாரி போகும் சாலை வளைந்து செல்வதால் தூரம் கூடும். சாலையின் வளைவுகள்மேல் ஒரு நூலைப் படியவைத்து, பின் அந்நூலை நீட்டி அளந்தால் சாலைத் தூரம் கிடைத்துவிடும். வண்டிச் செலவைக் கணக்கிடும் வணிகருக்கும் இது உதவும்.

3. குறிகளும் பெயர்களும்

நீல நிறம் நீரைக் குறிக்கும். பழுப்புக் கோடுகள் நிலத்தின் உயரத்தைக் காட்டும். அவை நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து; விலகியிருந்தால் நிலம் ஏறக்குறைய சமம்.

மலாய் இடப்பெயர்களே பாதிப் பூகோளத்தைச் சொல்லிவிடுகின்றன. சுங்கை என்றால் ஆறு, புக்கிட் குன்று, தஞ்சோங் நிலமுனை, உலு ஆற்றின் தலைப்பக்கம், கோலா ஆற்றின் வாய். சிலாங்கூர் ஆறு உலு சிலாங்கூர் மலைகளில் பிறந்து, கோலா சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது என்பதை இவ்விரு பெயர்களே தெரிவிக்கின்றன. ரவாங்குக்கு அருகிலுள்ள பத்து ஆராங்கின் பெயரைக் கேட்டால் நம்மவர் எண் பத்தை நினைப்பர். மலாயில் பத்து என்பது கல், ஆராங் என்பது கரி. 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டியெடுத்தார்கள்.

பெயர்கள் மாறுவதும் உண்டு. பழைய படத்தில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றிருக்கும் ஊர் இன்று பெஸ்தாரி ஜெயா. ஆகவே படம் அச்சான ஆண்டையும் பார்ப்பது நலம்.

4. ரேகைகள்

கிழக்கு மேற்காக ஓடுபவை அட்சரேகைகள். வடக்கு தெற்காக ஓடுபவை தீர்க்கரேகைகள். ரவாங் வடக்கு அட்சம் 3⅓ பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் ஏறத்தாழ 101½ பாகையிலும் உள்ளது. பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் பிடிக்கும். நம் கடிகாரமோ 1982 ஜனவரி 1 முதல் 120 பாகைத் தீர்க்கத்தின் நேரத்தைக் காட்டுகிறது. இடைவெளி 18½ பாகை; 4-ஆல் பெருக்கினால் 74 நிமிடம். ஆகவேதான் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றே கால் ஆகிறது. லுஹர் பாங்கும் அதன் பின்னரே ஒலிக்கிறது. பருவத்துக்கேற்பக் கால் மணி நேரம் வரை முன்பின் ஆகலாம்.

5. கிப்லா

மக்கா நகரம் வடக்கு அட்சம் 21½ பாகையை ஒட்டியும், கிழக்குத் தீர்க்கம் 40 பாகையை ஒட்டியும் உள்ளது. எனவே அது நமக்கு நேர் மேற்கில் இல்லை. சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. தட்டையான உலகப்படத்தில் ரூலர் வைத்தால் இச்சாய்வு சுமார் 17 பாகை என்று தோன்றும். பூமியோ உருண்டை. பூகோள உருண்டையின்மேல் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் சரியான விடை கிடைக்கும்: 22½ பாகை. அதாவது செங்கோணத்தில் கால்பங்கு.

ஒரு காகிதத்தின் மூலையை இருமுறை சரிபாதியாக மடித்தால் வருவது இதே 22½ பாகைதான். திசைகாட்டியால் மேற்கைக் கண்டு, மடித்த காகிதத்தின் ஒரு விளிம்பை அத்திசையில் வைத்தால், அதன் வடபுற விளிம்பு கிப்லாவைக் காட்டும்.

முன்பு சொன்ன சூரியனின் விலகலை இப்போது நினைவுகூர்க. சூரியன் மறையும் பக்கத்தைக் குறியாகக் கொள்பவர் ஜூன் மாதத்தில் ஏறத்தாழச் சரியாக நிற்பார். டிசம்பரில் 45 பாகை விலகி நிற்பார். தோட்டங்களிலும் வழிப்பயணத்திலும் தொழ நேரும் சகோதரர்கள் இதைக் கருத்தில் கொள்வது அவசியம்.

சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. மே 28 மாலை 5.16 மணியளவிலும், ஜூலை 16 மாலை 5.28 மணியளவிலும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அவ்வேளையில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமே கிப்லா. பிள்ளைகள் மடித்த காகிதமும் இந்த நிழலும் ஒத்துவந்தால் பாடம் மனதில் நின்றுவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல் பீரூனி, நகரங்களின் இருப்பிடங்களைக் கணித்து, கஸ்னா நகரின் கிப்லாவை அறியத் தனி நூலே எழுதினார். அவரிடம் இருந்த வசதிகளைவிட இன்று நம் வீட்டில் இருப்பவை அதிகம். வேண்டுவதெல்லாம் ஒரு தேசப்படமும், ஒரு முழம் நூலும், கடையடைத்தபின் பிள்ளைகளோடு உட்காரச் சிறிது நேரமுமே. வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக, ஆமீன்.