மான்களுக்கான புல்வெளிகளில் கலப்பு விதை விதைத்தல்

மான் புல் தின்னும் விலங்கு என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், எந்த மான், எந்தப் புல்லை, எந்தத் திங்களில், எந்த வளர்ச்சி நிலையில் தின்கிறது என்று நோக்குபவர் சிலரே. காட்டினுள் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் ஒரே வகைப் புல்லை விதைத்துவிட்டு, மான்களுக்கு உணவு அமைந்துவிட்டது எனக் கருதுவது இதனால் விளையும் பிழையாகும். அத்தகைய நிலம் மழைக்காலத்தில் பசுமையாகத் தோன்றும். கோடையில் மான்களுக்குப் பயன்படாது.

கான்ஹா தரும் படிப்பினை

மத்தியப் பிரதேசத்தின் மண்டலா, பாலாகாட் மாவட்டங்களில் அமைந்துள்ள கான்ஹா, 1955-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. கெட்டித் தரையில் வாழும் பாரசிங்கா மான் வகைக்கு அதுவே கடைசிப் புகலிடமாக எஞ்சியிருந்தது. 1970-இல் அங்கிருந்த பாரசிங்கா மான்கள் 66 மட்டுமே. வேட்டை, புல்வெளிகளின் சீர்கேடு, குட்டிகள் மறைந்திருக்க உயரப் புல் இல்லாமை எனக் காரணங்கள் பல.

1969 முதல் பூங்காவினுள் இருந்த சிற்றூர்கள் பல வெளியே குடியமர்த்தப்பட்டன. அவ்வூர்களின் வயல்கள் நாளடைவில் புல்வெளிகளாயின. வேலியிட்ட பாதுகாப்பு நிலமும் அமைக்கப்பட்டது. மான்களின் எண்ணிக்கை படிப்படியாகப் பெருகி, இன்று ஆயிரம் அளவை எட்டியுள்ளது. 2015-இல் சாத்புரா காட்டிற்கும் சில மான்கள் கொண்டுசெல்லப்பட்டன.

ஆயினும், கைவிடப்பட்ட வயல் தானே நல்ல புல்வெளி ஆகிவிடுவதில்லை. உழுது பழகிய மண்ணில் முதலில் குடியேறுபவை தகரை, பார்த்தீனியம், உண்ணிச்செடி போன்ற களைகளே. மக்கள் தம் இல்லங்களையும் வயல்களையும் விட்டு அகன்ற நிலம் களைக்காடாக மாறுமாயின், அவர்தம் இழப்பும் வீணாகும். மான்களும் பயன் பெறா. களைகளை அகற்றி, தக்க புல் விதைகளை இடுவதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

கலப்பு ஏன்?

முதற் காரணம் பருவம். புல் தளிர்க்கும்போது அதில் புரதம் மிகுந்திருக்கும். பூத்து முதிர்ந்தபின் புரதம் குறைந்து நார்ப்பொருள் பெருகும். ஒரே வகைப் புல் ஒரே காலத்தில் முதிரும். முன்னும் பின்னுமாக முதிரும் வகைகள் கலந்திருப்பின், தளிர் கிடைக்கும் காலம் நீளும்.

இரண்டாவது காரணம் விலங்குகளின் வேறுபாடு. பாரசிங்கா பெரும்பாலும் புல்லையே உண்கிறது. புள்ளிமான் மழைக்காலத்தில் இளம் புல்லை நாடும். வறண்ட காலத்தில் உதிர்ந்த இலை, பூ, கனி ஆகியவற்றையும் உண்ணும். கடமான் தழைகளை மிகுதியாகக் கொள்ளும். ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றுக்கும் ஏற்றதென முடிவு செய்தல் ஆகாது.

மூன்றாவது காரணம் மறைவு. பாரசிங்காவின் குட்டிகள் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் அதனை அடுத்தும் பிறக்கின்றன. பிறந்த சில நாட்கள் அவை உயர்ந்த புல்லினிடையே அசையாது படுத்திருக்கும். மேய்வதற்குக் குட்டைப் புல் மட்டும் உள்ள வெளி, தாய்க்கு உணவளிக்கும், குட்டிக்குக் காப்பளிக்காது. ஆதலின் அறுகு போன்ற குட்டைப் புல்லும், நாணல் போன்ற உயரப் புல்லும் அருகருகே திட்டுத் திட்டாக அமைதல் வேண்டும்.

நான்காவதாக, மழை தவறும் ஆண்டில் ஒரு வகை முளைக்காது போயினும் மற்றொன்று நிலைத்து நிற்கும். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் மண்ணும் வளம் பெறும்.

விதைத் தெரிவு

கலப்பில் இடம்பெறும் விதைகள் அவ்வட்டாரத்திலேயே திரட்டப்பட்டவையாக இருத்தல் நலம். மார்வெல் புல், அறுகு, நாட்டுக் கொழுக்கட்டைப்புல் ஆகியவற்றுள் அந்நிலத்தில் இயல்பாக வளர்பவற்றையும், அலைசிகார்ப்பஸ், டெஸ்மோடியம் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த நாட்டுப் பயறுவகைகளையும் கருதலாம். விரைந்து வளரும் என்பதற்காக அயல்நாட்டு விதையைக் காட்டினுள் இடுதல் கூடாது. உண்ணிச்செடியும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகவே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது என்பதை நினைவிற்கொள்ளுதல் தகும்.

புல் விதைகள் பல, அறுவடை செய்தவுடன் முளைப்பதில்லை. சில திங்கள் உறக்க நிலையில் இருந்து பின்னரே முளைக்கும். மழைக்கால முடிவில் திரட்டிய விதையை உலர்த்திச் சேமித்து, அடுத்த பருவமழையின் தொடக்கத்தில் விதைப்பது இதன் பொருட்டே.

அளவு காணும் முறை

விதைகளை எடையால் சமமாகக் கலப்பது பெரும்பாலும் காணப்படும் தவறு. ஒரு புல்லின் விதைகள் கிராமுக்கு 1,000 என்றும், ஒரு பயறுவகையின் விதைகள் கிராமுக்கு 100 என்றும் கொள்வோம். சம எடையில் கலந்தால், 10 புல் விதைக்கு 1 பயறு விதையே நிலத்தில் விழும். எனவே எண்ணிக்கையைக் கொண்டே பங்கு வகுத்தல் வேண்டும்.

முளைப்புத் திறனையும் கணக்கில் கொள்ள வேண்டும். எல்லா விதையும் முளைக்குமாயின் ஒரு நிலத்திற்கு 2 கிலோ போதும் என்போம். நூற்றுக்கு 40 மட்டும் முளைக்கும் விதையாயின், அதே நிலத்திற்கு 5 கிலோ தேவைப்படும்.

விதைப்பும் காப்பும்

பஞ்சு போன்ற புல் விதை மேலேயும், கனமான பயறு விதை அடியிலும் பையினுள் பிரிந்துவிடும். ஈர மணலுடன் நன்கு பிசறி, பாதியை நிலத்தின் நீளவாட்டத்திலும் மீதியைக் குறுக்குவாட்டத்திலும் தூவினால் சீராகப் பரவும். சிறு விதைகளை ஆழப் புதைத்தல் தீது. மேல்மண்ணைச் சற்றே கிளறி மூடினால் போதும்.

இளம் பயிரை மான்கள் வேரோடு பறித்து உண்ணுமாதலால், புல் வேரூன்றும் வரை வேலி வேண்டும். வேலி அகற்றியபின், ஒரு மீட்டர் சதுரமுள்ள சில கம்பிக் கூடுகளை ஆங்காங்கே நிறுத்தி, கூட்டின் உள்ளும் புறமும் உள்ள புல்லைத் திங்கள்தோறும் ஒப்பிடுக. உள்ளே ஓங்கி நின்று, வெளியே குறைந்திருக்கும் வகையே மான்கள் விரும்பி உண்பது. இரு பக்கமும் சமமாக நிற்பது அவை ஒதுக்கியது. அடுத்த ஆண்டின் கலப்பை இக்குறிப்பே முடிவு செய்யும்.

காப்புக் காடுகளில் இப்பணி யாவும் ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டத்தின்படி, வனத்துறையின் மேற்பார்வையிலேயே நடைபெறுதல் வேண்டும்.

பள்ளியில் செய்தற்குரிய சோதனை

1. ஈரத் துணியின்மேல் ஒரு வகைப் புல்லின் 100 விதைகளைப் பரப்பி, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறிக்கச் செய்க.

2. கடினத் தோலுடைய பயறு விதைகளில் 50-ஐ அவ்வாறேயும், 50-ஐ அடுப்பினின்று இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் சில நிமிடம் அமிழ்த்திப் பின்னும் இட்டு, இரண்டையும் ஒப்பிடுக. வெந்நீரை ஆசிரியரே கையாளுதல் வேண்டும்.

3. பள்ளிக்கு அருகிலுள்ள மேய்ச்சல் நிலத்தில் ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் வளைத்து, அதனுள் எத்தனை வகைப் புல்பூண்டுகள் உள்ளன எனக் கணக்கிடச் செய்க. மாணவர் எண்ணத் தொடங்கும்போது ஒன்றாகத் தோன்றிய பசுமை, முடிக்கும்போது பலவாகப் பிரிந்து தோன்றும்.