நிபுணத்துவப் பொறியியலாளர் விண்ணப்பம்: சான்றுகளைத் திரட்டுவது எப்படி?

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தாங்கள் பொறியியலாளர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1967ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்படி, முதலில் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு குறைந்தது மூன்றாண்டு நடைமுறை அனுபவம் பெற்று, அறிக்கை, வரைபடம், கணக்கீடு ஆகியவற்றை ஒப்படைத்து, மதிப்பீட்டில் தேற வேண்டும். அதன் பின்னரே பெயருக்கு முன்னால் 'இர்' என்று போட்டுக்கொள்ளலாம். 2015 முதல் இன்னொரு படியும் சேர்ந்துள்ளது. வரைபடங்களில் கையெழுத்திட்டு ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டுமானால் தொழில் நடத்தும் சான்றிதழும் தேவை. அதற்குத் தனித் தேர்வு உண்டு.

அம்பாங்கில் கட்டுமானப் பொறியியல் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். இளையவர்கள் எழுதும் விண்ணப்ப அறிக்கைகள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். 'இவ்வளவு சான்று எதற்கு அண்ணா?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், எங்கள் அலுவலகத்திலிருந்து சில நிமிடத் தொலைவில் இருக்கிறது.

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. உலு கிள்ளான், தாமான் ஹில்வியூவில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தனர். பின்னால் இருந்த குன்று சரிந்து, அடித்தளத் தூண்களைப் பக்கவாட்டில் தள்ளியதே காரணம். குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுக்குமாடியின் பொறியியலாளர் மீது 10 விழுக்காட்டுப் பொறுப்பு சுமத்தப்பட்டது. நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு பற்றிய வாதம் மேலே சென்று 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில்தான் முடிந்தது, அது தனிக்கதை. பொறியியலாளர்மேல் கண்ட குறைகளைத்தான் மாணவர்கள் படிக்க வேண்டும். குன்றின் உறுதியை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அங்கு நடந்த வேலை தம் பொறுப்பன்று என்ற வாதம் எடுபடவில்லை. அதைவிடக் கனமானது இன்னொன்று. வடிகால் வேலை முடிந்துவிட்டதென்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். உண்மையில் அங்கீகரிக்கப்பட்ட வடிகாலில் ஒரு சிறு பகுதிதான் முடிந்திருந்தது.

2007 ஏப்ரல் 12 முதல் கட்டடம் குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் தருவதில்லை. துறை வல்லுநர்களே தருகிறார்கள். மண்வேலை, அடித்தளம், வடிகால் என்று 'ஜி' வரிசையில் 21 படிவங்கள். தொடர்புடைய ஒவ்வொன்றிலும் வேலை செய்தவரும் மேற்பார்வையிட்ட வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பலாமா என்பதைத்தான் உங்கள் விண்ணப்பத்தில் தேர்வாளர்கள் தேடுகிறார்கள்.

என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் வாக்கியம் இது: 'மண் ஆய்வு மேற்கொள்ளப்பட்டுத் தடுப்புச் சுவர் வடிவமைக்கப்பட்டது.' யார் மேற்கொண்டார்? யார் வடிவமைத்தார்? பள்ளியில் படித்த செயப்பாட்டுவினை இங்கே நமக்கு எதிரி. வினை இருக்கிறது, எழுவாயைக் காணோம். 'நாங்கள் செய்தோம்' என்பதும் அதே வகைதான். அடக்கம் நல்ல குணம். ஆனால் விண்ணப்பத்தில் 'நான்' இல்லையென்றால் தேர்வாளருக்கு மதிப்பிட ஆளே இல்லை. அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினாலும் மலாயில் எழுதினாலும் நோய் இதுதான்.

ஒரு தங்கை அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதி வந்தார்: 'மூன்றாம் துளையில் நிலத்தடி நீர் 2 மீட்டர் ஆழத்திலேயே தென்பட்டது. சுவருக்குப் பின்னால் நீரழுத்தம் இல்லையென்று முதலில் எடுத்திருந்த கணக்கை நான் மாற்றினேன். சரளை வடிகட்டியும் நீர்வடி துளைகளும் சேர்த்தேன். துளைகள் அடைபட்டால் என்னாகும் என்று தனியே கணக்கிட்டபோது, வழுக்கலுக்கு எதிரான காப்புக் காரணி 1.5க்குக் கீழே இறங்கியது. ஆகவே அடித்தளத்தை அகலப்படுத்தினேன். மேற்பார்வைப் பொறியியலாளர் சரிபார்த்தார்.' இதில் கண்டது, ஐயப்பட்டது, முடிவெடுத்தது, பிறர் சரிபார்த்தது எல்லாம் இருக்கின்றன. இணைப்பாக அவர் துளையிடல் பதிவேடு, கைக்கணக்குத் தாள்கள், திருத்தத்துக்கு முன்னும் பின்னுமான வரைபடங்கள் ஆகியவற்றை வைத்தார். கணினி மென்பொருள் கக்கிய நூற்றுக்கணக்கான பக்கங்களை வைக்கவில்லை. அவை மென்பொருளின் திறமைக்குச் சான்று, நமக்கன்று.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. முப்பது மாடிக் கட்டடத்தில் கம்பிப் பட்டியல் மட்டும் போட்டவர் அந்த முப்பது மாடியையே எழுத ஆசைப்படுகிறார். இரண்டு வீடுகளுக்குப் பின்னால் கட்டிய சிறு சுவராக இருந்தாலும் போதும். மண் ஆய்விலிருந்து ஒப்படைப்பு வரை நீங்கள் கூடவே இருந்திருக்க வேண்டும். 'ஏன் இந்த ஆழம்? மழையில் பள்ளம் நிரம்பியபோது என்ன செய்தீர்கள்?' என்று நேர்முகத்தில் கேட்டால், அங்கே நின்றவருக்குத்தான் பதில் வரும்.

பணிக் குறிப்பேட்டை மட்டும் வேலையில் சேர்ந்த முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். தேதி, இடம், உங்கள் பங்கு, கண்ட சிக்கல், எடுத்த முடிவு; நாலு வரி போதும். மாதம் ஒருமுறை மேற்பார்வைப் பொறியியலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாண்டு கழித்து மொத்தமாக நீட்டினால், அவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். இருந்தாலும் தாம் பார்க்காத நாள்களுக்கு எந்த மனத்தோடு கையெழுத்துப் போடுவார்? மேற்பார்வையிடுபவர் உங்கள் துறையிலேயே பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியியலாளரா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு ஓராண்டு அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

தளப் படங்களில் அளவுகோலோ ஓர் ஆளோ நிற்கட்டும். வெறும் மண்ணைப் பார்த்து ஆழம் சொல்ல யாராலும் முடியாது. வரைபடங்களும் மண் ஆய்வு அறிக்கைகளும் வாடிக்கையாளரின் உடைமை. விண்ணப்பத்தில் இணைக்க நிறுவனத்திடம் எழுத்து வழி அனுமதி பெறுங்கள். வேலை மாறுவதாக இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே.