சீருடையைக் கழற்றிய தளபதி

ராணுவத்தில் மேலதிகாரி கட்டளையிடுவார். கீழே இருப்பவர் அதை நிறைவேற்றுவார். மக்களாட்சியில் அப்படி இல்லை. அங்கே மக்கள் கேள்வி கேட்பார்கள். ஆட்சி பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிவிடுவார்கள்.

லட்சக்கணக்கான வீரர்களுக்குக் கட்டளையிட்ட ஒரு தளபதி, ஒருநாள் மக்களிடம் வந்து வாக்குக் கேட்டார். அவர் பெயர் டுவைட் ஐசன்ஹோவர். அமெரிக்காவின் அதிபராக 1953 முதல் 1961 வரை இருந்தவர்.

எளிய குடும்பம்

ஐசன்ஹோவர் 1890ஆம் ஆண்டு பிறந்தார். கான்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தை பால் பதனிடும் ஆலையில் வேலை செய்தார். வீட்டில் ஆறு ஆண் பிள்ளைகள். வருமானம் போதவில்லை. பிள்ளைகள் தோட்டத்தில் காய்கறி பயிரிட்டு, வீடு வீடாக விற்றார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. இருவரைக் கல்லூரிக்கு அனுப்பக் குடும்பத்தில் பணம் இல்லை. அதனால் ஐசன்ஹோவரும் அவர் அண்ணன் எட்கரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் படிக்கும்போது மற்றவர் வேலைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். அண்ணன் முதலில் படிக்கப் போனார். தம்பி, தந்தை வேலை செய்த அதே ஆலையில் உழைத்துப் பணம் அனுப்பினார்.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கட்டணம் கிடையாது. தேர்வு எழுதி 1911இல் அங்கே சேர்ந்தார். அவருடைய தாய் போரை வெறுத்தவர். ஆனாலும் மகனைத் தடுக்கவில்லை.

பெரிய பொறுப்பு

முதல் உலகப் போரில் ஐசன்ஹோவர் போர்க்களம் போகவில்லை. உள்நாட்டிலேயே டாங்கிப் படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதன்பின் 16 ஆண்டுகள் மேஜர் என்ற ஒரே பதவியில் இருந்தார். மேலே உயர வாய்ப்பே இல்லை என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய நேசநாட்டுப் படைகளுக்கு அவர் தலைமை தாங்கினார். பிறகு மேற்கு ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைவர் ஆனார். ஹிட்லரின் பிடியிலிருந்து பிரான்சை மீட்பது அவர் வேலை.

அமெரிக்கர், ஆங்கிலேயர், கனடா நாட்டவர் என்று பலரும் அவரிடம் இருந்தார்கள். அவர்களுடைய தளபதிகளுக்குள் மனக்கசப்பும் இருந்தது. அதட்டினால் மட்டும் காரியம் நடக்காது. பேசித்தான் இணங்க வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் பின்னால் அவருக்கு அரசியலில் உதவியது.

1944 ஜூன் 5ஆம் நாள் கடல் கடந்து பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கத் திட்டம். ஆனால் புயல் அடித்தது. ஒருநாள் தள்ளிவைத்தார். வானிலை அறிஞர்கள், புயல் சிறிது நேரம் ஓயும் என்றார்கள். அதை நம்பி ஜூன் 6ஆம் நாள் இறங்க உத்தரவிட்டார். அன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கரை இறங்கினார்கள்.

புறப்படும் முன்பு அவர் ஒரு சிறு குறிப்பு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முயற்சி தோற்றால் வெளியிடுவதற்காக எழுதியது அது. வீரர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள், பழி முழுவதும் தன்னுடையதே என்பது அதன் சாரம். முயற்சி வென்றது. அந்தக் குறிப்புக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் பொறுப்பு என்றால் என்ன என்பதை அது இன்றும் சொல்கிறது.

வாக்குக் கேட்ட தளபதி

போர் முடிந்தபோது ஐசன்ஹோவர் புகழின் உச்சியில் இருந்தார். அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் அவரை அழைத்தன. 1952இல் அவர் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆனார்.

அவர் வகித்தது ஐந்து நட்சத்திரத் தளபதி என்ற மிக உயர்ந்த பதவி. அது வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. வேட்பாளர் ஆனதும் அதிலிருந்து விலகினார். சாதாரணக் குடிமகனாக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார். அவருக்குச் சுமார் 3 கோடியே 40 லட்சம் வாக்குகள் கிடைத்தன. எதிர்த்து நின்ற ஸ்டீவன்சனுக்குச் சுமார் 2 கோடியே 73 லட்சம் வாக்குகள்.

எட்டு ஆண்டு ஆட்சியில் ஆறு ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எதிர்க்கட்சிக்கே பெரும்பான்மை. சட்டம் நிறைவேற வேண்டுமானால் எதிர்க்கட்சியினரிடம் பேசி ஆதரவு பெற வேண்டும். 1956இல் நாடு முழுவதையும் இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் அப்படித்தான் வந்தது. 66,000 கிலோமீட்டர் சாலைக்கான திட்டம் அது.

நிறையும் குறையும்

கொரியாவில் 1950 முதல் போர் நடந்து வந்தது. 1953 ஜூலையில் அங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டது.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க முடியாது. இது சட்டத்துக்குப் புறம்பானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளியில் சேரப் போனார்கள். மாநில ஆளுநரே அவர்களைத் தடுத்தார். ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். வீரர்களின் காவலோடு பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைந்தார்கள். நார்மண்டியில் போரிட்ட அதே படைப்பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பைக் காக்க வந்தது. ஆனாலும் நிறவெறியை எதிர்த்து அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று குறை சொல்பவர்கள் உண்டு.

பெரிய குறைகளும் உண்டு. ஈரானில் 1953இலும் குவாத்தமாலாவில் 1954இலும் இருந்த அரசுகளைக் கவிழ்க்க அமெரிக்க உளவுத்துறை உதவியது. அது அவர் ஆட்சியில்தான் நடந்தது. தம் நாட்டில் மக்களின் வாக்கை மதித்தவர், பிற நாட்டு மக்களின் விருப்பத்தை அதே போல மதிக்கவில்லை.

கராச்சியும் டெல்லியும்

1959 டிசம்பரில் ஐசன்ஹோவர் பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் வந்தார். பதவியில் இருக்கும்போது இந்தியா வந்த முதல் அமெரிக்க அதிபர் அவர்தான்.

கராச்சியில் அவரை வரவேற்றவரும் ஒரு தளபதி. அவர் அயூப் கான். 1958 அக்டோபரில் ராணுவ பலத்தால் ஆட்சியைப் பிடித்தவர். மக்கள் அவருக்கு வாக்களிக்கவில்லை. பாகிஸ்தானில் முதல் நேரடிப் பொதுத் தேர்தல் 1970இல்தான் நடந்தது. டெல்லியில் ஐசன்ஹோவரை வரவேற்றவர்கள் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தும் பிரதமர் நேருவும். ராம்லீலா மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது.

1960 மே மாதம் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமையை அமெரிக்கா இந்தியாவுக்குத் தர ஒப்புக்கொண்டது. ஆனால் 1954 முதல் பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுத்ததும் அதே அமெரிக்க அரசுதான். அந்த ஆயுதங்கள் 1965 போரில் இந்தியாவுக்கு எதிராகப் பயன்பட்டன.

குண்டா, பள்ளிக்கூடமா?

1953இல் ஐசன்ஹோவர் ஒரு கணக்குச் சொன்னார். குண்டு வீசும் பெரிய விமானம் ஒன்றின் விலையில் 30க்கும் மேற்பட்ட நகரங்களில் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் கட்டிவிடலாம் என்றார். ஆயுதத்துக்குச் செலவிடும் பணம், பசித்தவரிடமிருந்து பறித்த பணம் என்றும் சொன்னார். ஆனால் அவர் ஆட்சியிலேயே அமெரிக்காவின் அணுகுண்டுகள் பல மடங்கு பெருகின.

இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அதிபர் ஆக முடியாது என்பது அங்கே சட்டம். 1961 ஜனவரி 17ஆம் நாள் மக்களிடம் விடைபெற்றுப் பேசினார். ராணுவமும் ஆயுதத் தொழிற்சாலைகளும் கைகோத்துக்கொண்டால் அவற்றின் செல்வாக்கு அளவு மீறிப் போகும் என்று எச்சரித்தார். விழிப்பும் அறிவும் உள்ள குடிமக்களால்தான் அதைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்றார். இதைச் சொன்னவர் ராணுவத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அதனால் உலகம் கவனித்துக் கேட்டது. 1969இல் அவர் காலமானார்.

நம் நாட்டில்

இந்திய அரசியல் சட்டப்படி முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பார். அமைச்சரவை, மக்கள் தேர்ந்தெடுத்த மக்களவைக்குக் கட்டுப்பட்டது. பணியில் இருக்கும் வீரர் வாக்களிக்கலாம். ஆனால் கட்சியில் சேரக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு எல்லோரையும் போலத் தேர்தலில் நிற்கலாம்.

மேஜர் ஜெனரல் கண்டூரி அப்படி வந்தவர். 1991இல் மக்களவை உறுப்பினர் ஆனார். பிறகு மத்திய அமைச்சராகவும் உத்தரகண்ட் முதலமைச்சராகவும் இருந்தார். முதலமைச்சராக இருந்தபோதே 2012 சட்டமன்றத் தேர்தலில் தம் தொகுதியில் தோற்றார். 2014இல் மீண்டும் மக்களவைக்கு வென்றார்.

தளபதியானாலும் வாக்குச்சாவடியில் அவருக்கு ஒரே ஒரு வாக்குத்தான். நமக்கும் ஒரு வாக்கு உண்டு.

சொற்பொருள்

நேசநாடுகள் – போரில் ஒரே பக்கம் நின்ற நாடுகள்
போர்நிறுத்தம் – இரு தரப்பும் சண்டையை நிறுத்துவது
பெரும்பான்மை – பாதிக்கு மேற்பட்ட ஆதரவு
வேட்பாளர் – தேர்தலில் போட்டியிடுபவர்

விடை எழுதுங்கள்

1. ஐசன்ஹோவரும் அவர் அண்ணனும் படிப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்ன?
2. சட்டைப் பையில் வைத்திருந்த குறிப்பில் அவர் என்ன எழுதியிருந்தார்?
3. லிட்டில் ராக் நகருக்கு ராணுவம் ஏன் அனுப்பப்பட்டது?
4. ஐசன்ஹோவர் ஆட்சிக்கு வந்த வழிக்கும் அயூப் கான் ஆட்சிக்கு வந்த வழிக்கும் என்ன வேறுபாடு?

கூடிப் பேசுங்கள்

நாட்டைக் காக்க ராணுவம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும். எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? உங்கள் கற்போர் வட்டத்தில் பேசுங்கள்.