நம்ம டிரங்குப் பெட்டியிலும் சரித்திரம் இருக்கிறது



மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை 2023ஆம் ஆண்டில் பல இடங்களிலும் நினைவுகூர்ந்தார்கள். நம் முன்னோர் நடந்து வந்த பாதையை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நடைபவனியும் நடந்தது. சரித்திர ஆய்வாளர்களும் கூடி மலையகத்தின் பழைய காலத்தைப் பற்றிப் பேசினார்கள், கட்டுரை வாசித்தார்கள்.

"படிச்சவங்க கூடிப் பேசுறாங்க. கொழுந்து எடுக்கிற நமக்கு அதுல என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நமக்குத்தான் அதில் பெரிய வேலை இருக்கிறது. அது என்ன என்பதே இந்த இதழின் பாடம்.

சரித்திரத்தை எதை வைத்து எழுதுகிறார்கள்?

சரித்திரம் எழுதுபவர் மனதில் பட்டதை எழுத முடியாது. ஆதாரம் வேண்டும். கொழும்பிலும் லண்டனிலும் உள்ள சுவடிக்கூடங்களில் தேசாதிபதிமாரின் கடிதங்களும் துரைமார் சங்க அறிக்கைகளும் பத்திரமாக இருக்கின்றன. 1820களில் கம்பளைக்குக் கிட்ட சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பி பயிரிட்டார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. இதெல்லாம் நமக்குத் தெரிவது எழுதி வைத்த காகிதங்களால்தான்.

ஆனால் அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியது யார்? குழி தோண்டியது யார்? அவர்கள் எந்த ஊர்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்தார்கள்? துரைமார் எழுதியவற்றில் நம் ஆட்கள் பெரும்பாலும் தலைக்கணக்காகத்தான் வருகிறார்கள். பேரும் ஊரும் காண்பது அரிது. அந்தப் பேரும் ஊரும் இன்றைக்கு இருக்கிற இடம் நம்ம வீடுகள்தான்.

ஒரு சின்னப் பொருள் எவ்வளவு சொல்லும்?

தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு 1901இலிருந்து தோட்டத்து இலக்கம் அடித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். இதுதான் 'டின் டிக்கட்'. எந்தத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தார்கள் என்பதை அந்த இலக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று 'துண்டு'. ஒரு தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. தோட்டம் மாற மாறக் கடனும் கூடவே போனது. 1921இல் சட்டம் போட்டுத்தான் இந்த முறையை ஒழித்தார்கள். ஒரு துண்டு கையில் கிடைத்தால், ஒரு குடும்பம் எப்படிக் கட்டுண்டு கிடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

பாட்டி சொன்ன கதையும் ஆதாரமா?

ஆதாரம்தான். ஆனால் ஆய்வாளர்கள் அதை வேறு செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான ரயில்-கப்பல் பயணம் 1914இல்தான் ஆரம்பமானது. ஆகவே, "எங்க பாட்டனார் தனுஷ்கோடியில கப்பல் ஏறி, தலைமன்னாரில ரயில் பிடிச்சு வந்தாரு" என்று ஒருவர் சொன்னால், அது 1914க்குப் பிந்திய வருகை. தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கைக்குப் போவதை 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தடை செய்தது. அப்படியானால் வேலைக்காக வந்த அந்தப் பாட்டனார் அநேகமாக இந்த 25 வருஷத்துக்குள் வந்திருப்பார். பார்த்தீர்களா? தேதி தெரியாத கதைக்கும் ஒரு காலம் கிடைத்துவிட்டது.

காகிதம் இல்லாமல் பட்ட பாடு

பழைய காகிதம் சோறு போடுமா என்று நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்த ஒருவர்கூடத் தன் தகப்பனாரோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்தவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்து இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். சட்டமே நியாயமில்லாதது என்பது முதல் காரணம். கையில் காகிதம் இல்லாததும் நம் ஆட்களைக் கவிழ்த்தது. நாடற்றவர் பிரச்சினை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காத்திருக்க நேர்ந்தது.

நம்மவர்கள் செய்த வேலை

சரித்திரத்தைச் சேர்த்து வைத்தவர்கள் நமக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து 1947இல் பாராளுமன்றம் போன ஸி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடிச் சேகரித்தார். சாரல்நாடன், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடி எழுதினார். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையில் பழைய மெஷின்களையும் டெய்லரின் பொருட்களையும் பார்க்கலாம். அது வேண்டியதுதான். ஆனால் கம்பளைப் பக்கத்து ஓல்ட் பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் நூதனசாலையாக்கி 2007இல் திறந்தார்கள். அங்கேதான் நம்ம பாட்டன் பாட்டிமார் புழங்கிய சாமான்களைக் காணலாம். பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

புது வீட்டுக்குக் குடி போகும்போது பழைய டிரங்குப் பெட்டியைக் குப்பையோடு போட்டு எரிப்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். சாம்பலானதை எந்த ஆய்வாளராலும் மீட்க முடியாது. ஆகவே:

1. பிறப்புப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், சம்பளத் துண்டு, சங்கச் சந்தா ரசீது, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூர், கோத்தகிரி பக்கம் போன சொந்தக்காரர் எழுதிய கடிதம் எதையும் எறியாதீர்கள். நனையாமல் உறையில் போட்டு வையுங்கள்.

2. பழைய போட்டோவின் பின்பக்கம் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள்.

3. வீட்டிலுள்ள பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் போனில் பதிவு செய்யட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கங்காணியோடு வந்தோம், எத்தனை தோட்டம் மாறினோம் என்று கேளுங்கள். பெண்களின் கதையைக் கட்டாயம் கேளுங்கள். அதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

4. தப்பு அடிப்பவர், காமன் கூத்து வாத்தியார் ஆகியோரிடம் பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. யாராவது ஆராய்ச்சிக்கென்று கேட்டு வந்தால் போட்டோ கொப்பி கொடுங்கள். ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள்.

எண்பது வயது தாண்டியவர்கள் நம்ம லயங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும்.